சிட்டிகார்ப் கட்டடம்: ஊருக்குச் சொல்லாமல் சீரமைத்தது சரியா?

கேள்வி: நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம் மூலைகளில் மோதும் பலத்த காற்றில் சாயக்கூடும் என்று 1978இல் உணர்ந்த, அதன் கட்டமைப்பை வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லெமெஷர், உரிமையாளரிடம் தாமாகவே உண்மையைச் சொல்லி, சட்டக இணைப்புகளின் மேல் எஃகுத் தகடுகளை இரவுகளில் பற்றவைக்கச் செய்தார், பொதுமக்களுக்கோ 1995 வரை எதுவும் தெரியாது. இதை எப்படி மதிப்பிடுவது?

பதில் 1: ஒரு செயலை அதன் விளைவால் மதிப்பிடும் பயன்வழி அறத்தை ஏற்பவர்கள், பீதியைத் தவிர்த்ததால் நன்மையே மிகுந்தது என்பார்கள். ஆனால் அந்தச் செப்டம்பரில் நெருங்கிய சூறாவளி கடல்பக்கம் திரும்பியது அதிர்ஷ்டம்தானே?

பதில் 2: மனிதரின் சுயமுடிவை மதிக்க வேண்டும் என்ற ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட்டின் நோக்கில், ஆபத்தை அறியாத அக்கம்பக்கத்தார், இருப்பதா வெளியேறுவதா என்று தாங்களே முடிவெடுக்கும் உரிமையை இழந்தார்கள்.

கேட்டவர்: வெளியேற்றத் திட்டம் ரகசியமாகத் தயாராக இருந்ததே?

பதில் 2: இருந்தது, அந்த முடிவையும் வேறொருவரே எடுத்திருப்பார். தொழிலே போகலாம் என்று தெரிந்தும் லெமெஷர் முன்வந்த துணிவை மட்டும் நான் குறைக்கமாட்டேன்.