கிடைமட்ட வீடியோவைச் செங்குத்து ரீல்ஸ் ஆக்க எந்த ஏஐ கருவி?

கடலூர் தேவனாம்பட்டினம் மாசிமகத் தீர்த்தவாரி வீடியோ, 40 நிமிடம், 1920×1080. ஒரு நிமிட ரீல்ஸ்களாக வெட்டணும். முக்கியமானது ஃப்ரேமுக்குள் இருக்கும்படி தானாகவே வெட்டித் தருவதில் எது நல்லது, பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளின் ஆட்டோ ரீஃப்ரேமா, டாவின்சி ரிசால்வின் ஸ்மார்ட் ரீஃப்ரேமா? பின்னது காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு. அந்தச் செலவுக்குத் தகுமா?

சாமி ஒரு பக்கம், மேளக்காரர் மறுபக்கம். இலவசக் கருவி ஒன்று முகத்தையே துரத்துகிறது, சாமி ஃப்ரேமுக்கு வெளியே! ஷாட் மாறும் இடங்களில் கிளிப்பை வெட்டிவிட்டு ஓட்டினால் ஃப்ரேம் தாவுவது கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். இன்னொரு சிக்கல், ரீல்ஸின் செங்குத்து அளவான 9:16-க்கு வெட்டினால் அகலம் 607 பிக்சல்தான் மிச்சம்; 1080-க்கு இழுத்தால் மங்கல். ஏஐ அப்ஸ்கேல் (படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்குவது) போட்டால் முகமெல்லாம் மெழுகு பொம்மை.

சப்டைட்டிலில் 'கொ', 'கோ' உடைகிறது. எந்தக் கருவியில் தமிழ் சரியாக வருது? செய்து பார்த்தவர்கள் செட்டிங்கோடு சொல்லுங்க.