மூணு டியூ நிக்கிற வரைக்கும் காரைத் தொடக்கூடாதாமே!

வேளச்சேரி_கிளட்ச்:
பக்கத்து இழையில் வேலை போய் டியூ கட்ட முடியாமல் நிற்கும் ஒருவருக்குச் சட்டப்படி_சாமி கொடுத்த அறிவுரை, எழுத்து மாறாமல்: "மூன்று டியூ வரை எந்த பைனான்ஸ்காரனும் வண்டியைத் தொட முடியாது. தொட்டால் திருட்டு கேஸ். நிம்மதியாகத் தூங்குங்கள்." தூங்கி எழுந்து வந்து பார்த்தால் போர்ட்டிகோவில் ஆயில் கறைதான் மிச்சம் இருக்கும். இந்த மூணு டியூ கதையை யார் கிளப்பிவிட்டது? லோன் அக்ரிமெண்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

சட்டப்படி_சாமி:
என் பெயரில் தனி இழையே திறந்தாயிற்றா, மகிழ்ச்சி. 90 நாள் ஆனால்தான் கணக்கு வாராக்கடன். வாராக்கடன் ஆனால்தான் சர்ஃபேசி சட்டம் (நீதிமன்றம் போகாமலே வங்கி அடமானத்தைக் கைப்பற்ற வழி தரும் சட்டம்) 13(2)-இல் நோட்டீஸ். நோட்டீசுக்கு 60 நாள் அவகாசம். அதன்பின்தான் 13(4)-இல் கைப்பற்ற முடியும். ஆக 150 நாள். மூன்று டியூ என்று நான் சொன்னதே குறைவு. மறுப்பவர்கள் பிரிவு எண்ணோடு வரவும்.

யார்டுகாரன்:
கூட்டல் சரி சாமி சார், போட்ட இடம்தான் தப்பு.

மூணு டியூவும் 90 நாளும் ஒண்ணே இல்ல. டியூ தேதி 5-னு வைங்க. ஜூன் 5 பவுன்ஸ், ஜூலை 5 பவுன்ஸ், ஆகஸ்ட் 5 பவுன்ஸ். மூணு டியூ நின்னாச்சு. ஜூன் 5-லேர்ந்து எண்ணினா அன்னிக்கு 61-ஆவது நாள்தான். வாராக்கடன் ஆகுறது செப்டம்பர் 3. இதை ரிசர்வ் வங்கியே 2021 நவம்பர் சுற்றறிக்கையில தேதி போட்டு உதாரணம் காட்டியிருக்கு. நடுவுல வாராக்கடனுக்கு முந்தின எச்சரிக்கைப் படிகள்: ஜூலை 5-க்கு எஸ்எம்ஏ-1, ஆகஸ்ட் 4-க்கு எஸ்எம்ஏ-2. கலெக்‌ஷன் ஆளுங்க இதைத்தான் பக்கெட்னு சொல்றாங்க.

அடுத்தது, சர்ஃபேசி பேங்குக்குக் கொடுத்த அதிகாரம். கடன் வாங்கினவருக்குக் கொடுத்த லீவு கிடையாது. பேங்க் அல்லாத நிதி நிறுவனம்னா 100 கோடி சொத்து இருக்கணும், அந்தக் கடனும் 20 லட்சமோ அதுக்கு மேலயோ இருக்கணும். 2021 பிப்ரவரி வரைக்கும் அது 50 லட்சம். அப்போ 6 லட்ச ரூபா கார் லோனுக்கு அவங்க சர்ஃபேசி பக்கமே வரப்போறதில்ல. உங்க 90-ம் போச்சு, 60-ம் போச்சு. மிச்சம் இருக்கிறது அக்ரிமெண்ட். அதுல "ஏதேனும் ஒரு தவணை தவறினாலும்"னு இருக்கும். ஒண்ணு சார். மூணு இல்ல.

மதுரை_மீட்டர்:
சாமி சாரோட வண்டியில மட்டும் மூணு டியூக்கு அப்புறம்தான் சக்கரம் சுத்தும்போல 😂

சட்டப்படி_சாமி:
சிரிப்புப் பொம்மை போடுபவர்களுக்குப் பதில் இல்லை.

யார்டுகாரரே, என் வாதத்தை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். சர்ஃபேசி இல்லை என்றால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க அதிகாரமே இல்லை என்றுதானே பொருள்? பாட்னா உயர் நீதிமன்றம் 2023 மே 19-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆள் வைத்து வண்டியைப் பிடுங்குவது அரசியல் சாசனம் தந்த வாழ்வுரிமைக்கே எதிரானது, சட்ட வழியில்தான் மீட்க வேண்டும். அப்படிச் செய்தவர்களுக்குத் தலா 50,000 ரூபாய் அபராதம். உச்ச நீதிமன்றம் 2007-லேயே பிரகாஷ் கவுர் வழக்கில் இந்த அடியாள் பழக்கத்தைக் கண்டித்தது. 90 நாள் என்பது 90 நாள்தான்.

யார்டுகாரன்:
பாட்னா தீர்ப்பு சென்னை கோர்ட்டைக் கட்டாது. வக்கீல் எடுத்துக் காட்டலாம், ஜட்ஜ் ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம். 2006-ல ஓரிக்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? அக்ரிமெண்ட்ல எடுக்கும் உரிமை எழுதியிருந்தா எடுக்கத் தடை இல்லைன்னு. 2020 அக்டோபர்ல மேக்மா வழக்குலயும் அதே வழிதான், எடுத்தது திருட்டு ஆகாது. உங்க "திருட்டு கேஸ்" எங்க நிக்கும்?

ஆனா பலவந்தம் பண்ணினா அது வேற. ரோட்டுல மறிச்சா பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றவியல் சட்டம்) 126, மிரட்டினா 351. ஸ்டேஷன்ல போய் 303, அதாவது திருட்டுன்னு எழுதிக் கொடுத்தா எஸ்ஐ அக்ரிமெண்டைக் காட்டி "சிவில் மேட்டர்"னு அனுப்பிடுவார். நடந்ததை நடந்தபடி, வழிமறிச்ச இடம், நேரம், வந்த பைக் நம்பர் போட்டு எழுதிக் கொடுத்தா குறைஞ்சபட்சம் சிஎஸ்ஆர் ரசீதாவது (புகாரை வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல தர்ற சீட்டு) கையில கிடைக்கும். பிரிவு நம்பரை நீங்க போடாதீங்க, அவர் போடட்டும்.

சட்டப்படி_சாமி:
மேக்மா வழக்கு ஹையர் பர்ச்சேஸ்! கடைசித் தவணை வரை வண்டி நிறுவனத்துடையது என்ற ஏற்பாடு அது. இன்று கார் வாங்குபவர்களுக்குத் தருவது ஹைப்பாதிகேஷன் கடன். ஆர்சி புத்தகத்தில் உரிமையாளர் பெயர் வாங்கியவருடையது. பைனான்ஸ் பெயர் குறிப்பாக மட்டுமே வரும். இந்த அடிப்படை வித்தியாசம் தெரியாமல் தீர்ப்புகளை அடுக்கக் கூடாது. 90 நாள் ஆகாத கணக்கைத் தொட முடியாது. மூன்று டியூ. மூன்று.

யார்டுகாரன்:
வித்தியாசம் தெரியும் சார். உங்களுக்குத்தான் அந்தத் தீர்ப்புல உங்களுக்குச் சாதகமா இருக்கிறதே தெரியல. அக்ரிமெண்ட்ல நோட்டீஸ் கொடுக்கணும்னு இருந்து கொடுக்கலைன்னா அது சேவைக் குறைபாடுன்னு அதே தீர்ப்புல இருக்கு. அதை விட்டுட்டு 90, 90-ன்னு ஏலம் போடுறீங்க.

உருப்படியா ஒரு வேலை சொல்றேன். ரிசர்வ் வங்கியோட நியாய நடைமுறை விதிப்படி நிதி நிறுவன அக்ரிமெண்ட்ல இதெல்லாம் எழுத்துல இருக்கணும்: எடுக்கிறதுக்கு முன்னாடி எத்தனை நாள் நோட்டீஸ், எந்தச் சூழ்நிலையில நோட்டீஸ் இல்லாம எடுக்கலாம், எப்படி எடுப்பாங்க, விக்கிறதுக்கு முன்னாடி கடைசி வாய்ப்பு உண்டா, பணம் கட்டினா எப்படித் திருப்பிக் கொடுப்பாங்க, ஏலம் எப்படி நடக்கும். அக்ரிமெண்ட் நகலையும் கொடுத்தாகணும். கையில நகல் இல்லைன்னா இன்னிக்கே மெயில் போட்டுக் கேளுங்க. டியூ நின்ன பிறகு கேட்டா ஒரு வாரம் இழுப்பான்.

அந்த வேலை போன நண்பருக்கு: தூங்காதீங்க. ஆட்டோ டெபிட் தேதிக்கு முன்னாடியே கிளைக்கு மெயில் போட்டு, தவணைக் காலத்தை நீட்டிக் கொடுக்கவோ ரீஷெட்யூல் பண்ணவோ கேளுங்க. போன்ல "பாத்துக்கலாம் சார்"னு சொன்னதை நம்பாதீங்க, அது எந்த சிஸ்டத்துலயும் ஏறாது. பணம் கட்டினா கம்பெனி ஆப்ல, இல்ல ரசீது வாங்கிக் கிளையில. கலெக்‌ஷன் பையனோட ஜிபே நம்பருக்கு ஒரு ரூபா போடாதீங்க.

இன்னொண்ணு, கொஞ்சமா கட்டினா பக்கெட் நகராது. 11,400 டியூ, 500 பவுன்ஸ் சார்ஜ் நிக்குதுன்னு வைங்க. நீங்க 11,400 கட்டுறீங்க. சார்ஜை முதல்ல கழிக்கலாம்னு அக்ரிமெண்ட்ல இருந்தா 10,900 தான் டியூக்குப் போகும். 500 ரூபா குறையிறதால அந்த டியூ கட்டாததாவே நிக்கும், நாள் ஓடிக்கிட்டே இருக்கும். கட்டுறதுக்கு முன்னாடி பழைய டியூ முழுசா அடைய எவ்வளவுன்னு எழுத்துல கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்க.

வேளச்சேரி_கிளட்ச்:
இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். ஒரு கேள்வி: வாராக்கடன் ஆன பிறகு ஒரே ஒரு டியூ கட்டினால் கணக்கு வெளியே வந்துவிடுமா?

யார்டுகாரன்:
வராது. பாக்கி மொத்தத்தையும் கட்டினாத்தான் திரும்ப ஸ்டாண்டர்டு, அதாவது ஒழுங்கான கணக்கு ஆகும். அதே 2021 நவம்பர் சுற்றறிக்கைதான்.

சட்டப்படி_சாமி:
இவ்வளவு விவரம் ஒரு சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்? எடுத்த வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம்தான் யார்டு, உங்கள் பெயரே யார்டுகாரன். எந்த ஏஜென்சி சார் நீங்கள்? 2022 செப்டம்பரில் ஜார்க்கண்ட் டிராக்டர் சம்பவத்துக்குப் பிறகு, வெளி ஆட்களை வைத்து வசூலிக்கவே கூடாது என்று ஒரு பெரிய நிதி நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது நினைவிருக்கிறதா? உங்கள் ஆட்கள் செய்த காரியம்தான்.

யார்டுகாரன்:
2023 ஜனவரியில அந்தத் தடை நீங்கினதையும் சேர்த்துச் சொல்லுங்க. "உங்கள் ஆட்கள்"ங்கிற பேச்சு வேணாம். இன்சூரன்ஸ் இழையில ஐடிவி (பாலிசியில போடுற வண்டி மதிப்பு) விஷயத்துல பதில் சொல்ல முடியாம ஓடினதுக்கு இங்க வந்து கணக்குத் தீர்க்குறீங்க.

சட்டப்படி_சாமி:
ஓடவில்லை. அந்த இழை பூட்டப்பட்டது.

மதுரை_மீட்டர்:
பூட்ட வச்சதே நீங்கதானே சார், புகார் பட்டனை அமுக்கி.

நாமக்கல்_ஆறுசக்கரம்:
ஏனுங்க, ஆளாளுக்கு நாளு எண்ணிக்கிட்டே இருக்கறீங்க. வண்டி எடுக்க வந்தா என்ன கேக்கோணும்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா?

வந்தவங்க கிட்ட கம்பெனி லெட்டர், அதுல உங்க லோன் நம்பர், ஏஜெண்டோட ஐடி கார்டு, வசூல் ஏஜெண்டுக்கான டிஆர்ஏ சர்டிபிகேட், முந்தி அனுப்புன நோட்டீஸ் நகல், இத்தனையும் கேளுங்க. போனு பண்றதுக்கே காலைல 8 மணிக்கு முன்னயும் ராத்திரி 7-க்குப் பொறகும் கூடாதுன்னு 2022 ஆகஸ்டுல இருந்து உத்தரவு இருக்குதுங்க.

கைகலப்பு வேண்டாம். எடுத்துட்டுத்தான் போவேன்னு நின்னா செல்லுல வீடியோ போட்டுட்டு இன்வென்டரி எழுத வையுங்க. கிலோமீட்டர் ரீடிங்கு, ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், பேட்டரி கம்பெனி, நாலு டயரு பேரும் நம்பரும், மியூசிக் சிஸ்டம், எந்தப் பக்கம் என்ன கீறல். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு காப்பி உங்களுக்கு. டேஷ்போர்டுல இருக்கற ஒரிஜினல் பேப்பரையெல்லாம் எடுத்துக்கோங்க. பாஸ்டேகை அன்னைக்கே நிறுத்திப் போடுங்க, இல்லாட்டி யார்டுக்குப் போற வழில டோலுக்கெல்லாம் உங்க காசு போகும்.

முக்கியமா, "நானே விரும்பி ஒப்படைக்கிறேன்"னு ஒரு பேப்பர நீட்டுவாங்க. அதுல கையெழுத்து வேண்டவே வேண்டாமுங்க.

யார்டுகாரன்:
ஆறுசக்கரம் சொன்னதுல ஒரு திருத்தம். அந்த சரண்டர் லெட்டர் எப்பவும் கெட்டது இல்ல. கட்டவே முடியாதுன்னு முடிவாகிட்டா, நாமளே கிளைக்குக் கொண்டுபோய் விட்டுட்டு, "எடுக்கும் கட்டணம், டோயிங் கிடையாது, விற்பனைக்கு முன் இத்தனை நாள் அவகாசம்"னு எழுதி வாங்கிக்கிறது லாபம். ரோட்டுல நிக்கவச்சு வாங்குற கையெழுத்துதான் ஆபத்து.

அதைவிட நல்லது, எடுக்க வர்றதுக்கு முன்னாடியே நாமளே விக்கிறது. ஃபோர்குளோஷர் லெட்டர் (கடனை மொத்தமா முடிக்க எவ்வளவுன்னு சொல்ற கடிதம்) வாங்கி, வாங்குறவரை நேரா லோன் கணக்குல கட்டச் சொல்லி, என்ஓசியும் படிவம் 35-ம் வாங்கி ஆர்டிஓ ஆபீஸ்ல எச்.பி. கேன்சல், அதாவது ஆர்சியில இருக்கிற பைனான்ஸ் பேரை நீக்கணும். யார்டுக்குப் போனா வெயில்லயும் மழையிலயும் நிக்கும், பேட்டரி இறங்கும், யார்டு வாடகை நாள் கணக்குல ஏறும், ஏல விலையும் அடி வாங்கும். குறையிற பணத்துக்கு திரும்ப உங்க மேலயே நோட்டீஸ். கார் போச்சு, கடன் முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்கதான் இங்க அதிகம்.

நாமக்கல்_ஆறுசக்கரம்:
திருத்தமெல்லாம் வேண்டாமுங்க. வேண்டவே வேண்டாம்னா வேண்டாந்தான். வேலை போயி நிக்கறவனுக்கு எந்தக் கம்பெனி எழுதிக் குடுக்குது?

சட்டப்படி_சாமி:
பார்த்தீர்களா, வண்டியை அவரே கொண்டுபோய் விடச் சொல்கிறார். இதற்குத்தான் ஏஜென்சி என்றேன். 90 நாள் முடியும் வரை வண்டியை நண்பர் வீட்டு ஷெட்டில் விட்டுவைப்பதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை.

யார்டுகாரன்:
ஐயா, ஒருத்தரை உள்ளே தள்ளிடாதீங்க. இடம் மாத்தினா சொல்லணும்னு அக்ரிமெண்ட்லயே இருக்கும். நம்பர் பிளேட்டைக் கழட்டி ஒளிச்சு வச்சா, இல்ல என்ஓசி இல்லாம வித்தா, பிஎன்எஸ் 316 நம்பிக்கை மோசடின்னு புகார் அவங்க பக்கத்துலேர்ந்து வரும். ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) சட்டம் 9-ஆம் பிரிவுல கோர்ட்டுக்குப் போய் அட்வகேட் கமிஷனர் (கோர்ட் நியமிக்கிற வக்கீல்) போட்டு வந்தா ஷெட் பூட்டும் நிக்காது. அதுக்கு உங்க 90 நாள் தேவையே இல்லை.

சட்டப்படி_சாமி:
நிறுவனமே நியமிக்கும் ஆர்பிட்ரேட்டர் செல்லாது. 2019 பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் தீர்ப்பு.

யார்டுகாரன்:
9-ஆம் பிரிவுன்னா கோர்ட் சார். ஆர்பிட்ரேட்டர் கொடுக்கிறது 17-ஆம் பிரிவு. எண்ணையாவது சரியாப் படிங்க.

வேளச்சேரி_கிளட்ச்:
அபராத வட்டி பற்றி யாரும் சொல்லவில்லையே? டியூ பாக்கியோடு அதையும் போட்டு, அதற்கும் வட்டி என்று ஸ்டேட்மெண்டில் வந்தால்?

யார்டுகாரன்:
அபராதத்தை வட்டியில ஏத்தக் கூடாது, அதுக்கு மேல வட்டியும் போடக் கூடாதுன்னு 2023 ஆகஸ்ட் 18 உத்தரவு. புதுக் கடனுக்கு 2024 ஏப்ரல் 1 முதல், பழசுக்கு ஜூன் 30-க்குள்ள மாத்தியிருக்கணும். அப்படி வந்திருந்தா முதல்ல கம்பெனிக்கே எழுத்துல புகார், 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். 14448-ல கேட்டா வழி சொல்வாங்க, காசு கிடையாது.

சட்டப்படி_சாமி:
ஏலம் விட்டாலும் என் கையெழுத்து இல்லாமல் ஆர்சி மாறாது. அதுதான் கடைசிப் பிடி.

யார்டுகாரன்:
மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 51(5). பைனான்ஸ் படிவம் 36 கொடுக்கும், ஆர்டிஓ 37-ல உங்களுக்குப் பதிவுத் தபால் அனுப்புவார். ஆர்சியை ஒப்படைக்கலைன்னா அதை ரத்து பண்ணிட்டு பைனான்ஸ் பேர்லயே புதுசு போடலாம்.

சட்டப்படி_சாமி:
37 பைனான்ஸ் அனுப்ப வேண்டியது. ஆர்டிஓ அல்ல.

யார்டுகாரன்:
விதி 61-ஐ எடுத்துப் பாருங்க. படிவத்துக்கு அடியில கையெழுத்து யாரோடதுன்னு இருக்கும்.

சட்டப்படி_சாமி:
பழைய பதிப்பைப் பார்த்துப் பேசுகிறீர்கள்.

யார்டுகாரன்:
அப்போ புதுப் பதிப்பைப் போடுங்க சார், பாப்போம். பக்கம் நம்பரோட.

மதுரை_மீட்டர்:
அதுக்கும் 90 நாள் டைம் வேணுமாம் அண்ணே.

சட்டப்படி_சாமி:
இவருடைய கடைசிப் பின்னூட்டத்தைப் புகார் செய்திருக்கிறேன். படிவத்தை நாளை ஸ்கேன் செய்து போடுகிறேன்.