சொல்லை வைத்தே தலைவரை அடையாளம் காண முடியுமா?

கேள்வி: பள்ளி வினாடி வினாவில், பெயரைச் சொல்லாமல் குணத்தையும் பேச்சையும் மட்டும் கொண்டு தலைவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்ல விரும்புகிறேன். எந்தக் குறிப்புகள் பொருந்தும்?

மறுமொழி 1: ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்றாலே காமராசர்தான். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தும், தம்மிடம் வருவோர்க்கு நீண்ட வாக்குறுதிகளைத் தராமல் இந்த இரு சொற்களோடு நிறுத்திக்கொண்ட அவருடைய சிக்கனம், பேச்சில் மட்டுமல்லாமல் வாழ்க்கை முழுவதிலும் இருந்தது என்பதாலேயே அவர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

மறுமொழி 2: ‘உடன்பிறப்பே’ என்றால் கலைஞர், ஆனால் ‘ரத்தத்தின் ரத்தமான’ என்று முன்னால் சேர்ந்துவிட்டால் அது எம்.ஜி.ஆர். ஆகவே முழுத் தொடரையும் கொடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி, ஐயா. அண்ணாவுக்குக் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்.