மூட்டு மாற்றியபின் வேட்டைக்குப் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வலது முழங்கால் மூட்டை முழுதாக மாற்றிய பிறகு மான் வேட்டைக்குத் திரும்பியவர்களிடம் சில கேள்விகள். போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் அவர் வேட்டைக்காரர் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

சமதளத்தில் நன்றாகவே நடக்கிறேன். சரிவில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. முட்டி 110 டிகிரி வரை மடங்குகிறது. ஆனால் மண்டியிட்டால், தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துக்கிடக்கும் இடத்தில் கூழாங்கல் அழுத்துவதுபோல் இருக்கிறது. மண்டியிடுவதால் செயற்கை மூட்டு கெடாதாம். சரி, கெடாமலே இருக்கட்டும்; அந்தக் கூச்சத்தோடு எப்படிக் குறிபார்ப்பது? காலமெல்லாம் மண்டியிட்டே சுட்டவன் நான். முட்டியில் பஞ்சுறை கட்டினால் போதுமா, இல்லை மடக்கு நாற்காலியும் துப்பாக்கியைத் தாங்க ஒரு கவைக்கோலும்தான் வழியா?

அப்புறம் பரண். ஏணியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது மாற்றிய காலை முதலில் வைக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் பழக்கிவிட்டார். மேலே போய்க் குளிரில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்தால் முட்டி விறைத்துக்கொள்ளுமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்? சத்தமில்லாமல் காலை நீட்டி மடக்க முடிகிறதா?

சுட்ட மானைத் தனியாக இழுத்து வந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டில் அதற்குத்தான் அதிக எதிர்ப்பு.