கேனிஸ்டர் ஃபில்டரில் காற்றுக் குமிழி: நான் தேடிய இடமும் ஓட்டை இருந்த இடமும்

அம்பத்தூரிலிருந்து

மூன்று வாரம் திண்டாடிக் கண்டுபிடித்தது இது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது மூன்றடி மீன்தொட்டி. 36க்கு 18க்கு 18 இன்ச், விளிம்பு வரை நிரப்பினால் 190 லிட்டர் பிடிக்கும். நாலு ஏஞ்சல், பன்னிரண்டு ரம்மிநோஸ், தரையில் சில கோரிடோரஸ். கேனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய டப்பா மாதிரி ஃபில்டர், கீழே ஸ்டாண்டுக்குள் இருக்கிறது, வாங்கி இரண்டரை வருஷம். மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி ஸ்டாண்டுக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம், தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. பத்து நிமிஷம் அப்படியே ஓடும். பிறகு தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் அவுட்லெட்டில் பெரிதாக ஒரு 'குபுக்'. அதோடு பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பித் தொட்டியே பனி மூடின மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நேரம் அமைதி. திரும்பவும் கரகர.

சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறியான இம்பெல்லர் இருக்கிற அறையில் காற்று சேர்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளும் வேகம் பாதியாகக் குறைகிறது, உள்ளே இருக்கும் செராமிக் ஷாஃப்ட் தேய்கிறது. அதைவிடப் பெரிய கவலை, ஃபில்டருக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு ஓடுகிற தண்ணீர்தான் ஆக்சிஜன். ஓட்டம் குறைந்தால் அதுகளும் சோர்ந்துவிடும், தொட்டியில் அமோனியா ஏறும்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். பிரித்து, தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை அலசி, ஃபில்டர் ஃப்ளாஸை (வடிகட்டும் பஞ்சு) மாற்றி மூடினேன். அன்று ராத்திரி மட்டும் அமைதி. கடையில் கேட்டேன், "ஓ-ரிங் போயிருக்கும் சார்" என்றார்கள், மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைத்தான். புது ரிங் வாங்கி, சிலிகான் கிரீஸ் தடவிப் போட்டேன். (வாசலின் வேண்டாம். சில ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும்.) மறுநாள் சாயங்காலமே பழைய கதை.

விடை என் காலடியிலேயே இருந்தது. ஃபில்டருக்குக் கீழே பழைய செய்தித்தாள் விரித்து வைப்பது என் வழக்கம். மூன்று வாரமாக அந்தத் தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் யோசனை வந்தது. தொட்டியின் நீர்மட்டத்துக்கு முக்கால் மீட்டர் கீழே உட்கார்ந்திருக்கிறது ஃபில்டர். அத்தனை தண்ணீரின் எடையும் உள்ளேயிருந்து வெளியே அழுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே ஓ-ரிங்கில் கோளாறு என்றால் தண்ணீர்தான் வெளியே கசியும், காற்று உள்ளே போகாது. தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் இன்டேக் ரொம்ப அடைத்துக்கொண்டால் மட்டும்தான் இந்தக் கணக்கு மாறும். என் இன்டேக் சல்லடை சுத்தமாக இருந்தது.

அப்படியானால் காற்று எங்கே நுழையும்? நீர்மட்டத்துக்கு மேலே. தண்ணீரை உறிஞ்சும் பைப் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்குகிறதே, அந்த வளைவில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. சைஃபன் போடும்போது நடப்பதும் அதேதான். அந்த இடத்தில் ஊசி முனை அளவு துளை இருந்தாலும் வெளியே ஒரு பொட்டு ஈரம் தெரியாது. காற்று மட்டும் ஓயாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

குழந்தைக்கு மருந்து கொடுக்கிற டிராப்பரை எடுத்துக்கொண்டேன். ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளிம்புக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் வைத்த சொட்டு அப்படியே முத்து மாதிரி நின்றது. வால்விலும் நின்றது. சுவர்ப் பக்கம், ஹோஸ் வந்து வளைவுப் பைப்பைக் கவ்வும் இடத்தில் வைத்ததும் சொட்டு சுருங்கிக் காணாமல் போனது. இன்னொன்று வைத்தேன், அதுவும் போனது. ஈரத்துணிக் கீற்றை அந்த இடத்தில் இறுக்கிச் சுற்றிவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே இருந்த காற்று இரண்டு முறை குபுக்கென்று வெளியேறியதோடு சத்தம் நின்றது. அந்த நிசப்தத்தில் ஏஞ்சல்கள் நீந்துவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதாமாதம் கழுவுவதற்காகப் பிடுங்கிப் பிடுங்கி ஹோஸின் வாய் அகன்றிருக்கிறது. விளக்குச் சூட்டில் அந்த முனை விறைத்தும் போயிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. முனையை ஒன்றரை இன்ச் வெட்டி எறிந்துவிட்டு, புது முனையைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி இளக்கி, முழுக்க ஏற்றி நட்டை இறுக்கினேன். ஒரு பைசா செலவில்லை.

சோதனைக்குச் சோப்பு நுரை மட்டும் வைக்காதீர்கள். அந்தத் துளை வழியாகச் சோப்புத் தண்ணீர் நேராக உள்ளே போகும், மீனின் செவுளுக்கு அது ஆகாது.

மதுரையிலிருந்து

நல்ல பதிவு அண்ணே. பைப்பைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒன்னு பார்த்துக்கங்க. எனக்குக் காற்றுக் குமிழி விடற ஏர் ஸ்டோன்தான் காரணம். மீன் தள்ளித் தள்ளி அது இன்டேக்குக்கு நேர் கீழே போயிருச்சு. குமிழி முழுக்க ஃபில்டருக்குள்ள. ஒரு சாண் நகர்த்தி வச்சேன், சரியாப் போச்சு.

கோவையிலிருந்து

அண்ணா, எனக்கும் ஃபில்டர் கரகரத்துச்சுங்க, நானும் ஓ-ரிங்கைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனா கடைசியில குற்றம் ஃபில்டர்ல இல்ல, தண்ணியில.

போன டிசம்பர். காலையில தொட்டியில பாதிக்குக் கிட்டத் தண்ணி மாத்தினேன். அவசரத்துல குழாயிலிருந்து ஹோஸைப் போட்டு நேராத் தொட்டிக்கே விட்டுட்டேன். குளோரினுக்கு மருந்து ஊத்தினேன், அதனால பயமில்லைன்னு நினைச்சேன். தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு, 20 டிகிரி இருக்கும். தொட்டியில ஹீட்டர் 27ல. அரை மணி நேரத்துல கண்ணாடி, செடி, கல்லு எல்லாத்துலயும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குட்டிக் குட்டிக் குமிழி. அழகா இருக்குன்னு பையன் போட்டோ எடுத்தான். சாயங்காலம் பார்த்தா அதே மணிகள் ஏஞ்சலோட துடுப்புலயும் இருக்கு. மேல ஒட்டியிருக்குன்னு நினைச்சேன். கிட்டப் போய்ப் பார்த்தாத் துடுப்புத் தோலுக்கு உள்ள இருக்குங்க. ஒன்னுக்குக் கண்ணு வீங்கிருச்சு. ரெண்டு மீன் காலையில இல்ல. மூணு வருஷம் என் கையிலிருந்து சாப்பிட்ட மீனுங்க அது, இப்பவும் மனசு ஆறல.

அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். குளிர்ந்த தண்ணியில காற்று அதிகம் கரையும். ஆக்சிஜனை மட்டும் எடுத்தா 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிக்கும், 27ல 8தான். நைட்ரஜனும் இப்படித்தான், கேடு பண்றதுல அதுக்குத்தான் பெரும்பங்கு. குழாய்க்குள்ள அழுத்தத்துல வர்ற தண்ணியில இன்னும் கூடுதலாவே கரைஞ்சிருக்கும். அது தொட்டியில சூடாகும்போது தாங்க முடியாத காற்று வெளிய வருது. கண்ணாடியில வந்தாப் பரவாயில்ல. மீனோட ரத்தத்துல வந்தா அதுதான் காற்றுக்குமிழி நோய். ஃபில்டரோட தலைப்பகுதியில சேர்ந்து கரகரத்ததும் அதே காற்றுதான்.

இப்பல்லாம் முந்தின நாளே டிரம்முல பிடிச்சு, ராத்திரி முழுக்க ஏர் பம்ப் ஓடவிடறேன். காற்றைப் போக்க ஏன் காற்றடிக்கணும்னு கேப்பீங்க. கலக்கிவிட்டாத்தான் மிச்சக் காற்று வெளிய போய் அளவுக்கு வரும்ங்க. போர் தண்ணி நேரா விடறவங்களும் கவனமா இருங்க, ஆழத்துலேர்ந்து வர்றதுல நைட்ரஜன் கூடுதலா இருக்கலாம்.

திருச்சியிலிருந்து

எனக்கு கேனிஸ்டர் இல்லை, சம்ப். தொட்டிக்குக் கீழே அறை அறையாகப் பிரித்த இன்னொரு தொட்டி, அதுதான் ஃபில்டர். கோடையில் ரெண்டு நாளைக்கு ஒருதரம் குமிழி கிளம்பும். இளநீர் தீரும்போது ஸ்ட்ராவில் உறிஞ்சினால் வருமே, அந்தச் சத்தம் சம்புக்குள் கேட்கும். மேல் தொட்டியில் நீர்மட்டம் கொஞ்சமும் மாறாது, அதனால் சந்தேகமே வரவில்லை. சம்பில் தண்ணீர் எங்கே ஆவியானாலும் குறைவது மோட்டார் இருக்கும் கடைசி அறையில்தான். என் அறை 30க்கு 20 சென்டிமீட்டர். அஞ்சு லிட்டர் குறைந்தாலே அங்கே எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். சூடு தணிய மேலே ஃபேன் வேறு ஓடுகிறது. மட்டம் இறங்கினதும் சுழி விழுந்து மோட்டார் காற்றை இழுத்திருக்கிறது.

கண்ணாடியில் டேப் ஒட்டிக் கோடு போட்டிருக்கிறேன். காலையில் காபி குடித்ததும் அந்தக் கோடு வரை தண்ணீர். தடுப்புக் கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு சொரசொரப்பான ஸ்பாஞ்ச் வைத்தபின் மேலிருந்து விழும் தண்ணீரின் குமிழியும் அங்கேயே நின்றுவிடுகிறது.

சேலத்திலிருந்து

அண்ணா, நேத்துதான் ஃபில்டரைக் கழுவி, உள்ள பாக்டீரியா குடியிருக்கிற செராமிக் ரிங்கைப் புதுசாப் போட்டேன். அதிலிருந்து மணிக்கு நாலு தடவை குபுக் குபுக்னு வருது. டிராப்பர் வச்சுப் பார்த்தேன், எங்கயும் சொட்டு உள்ள போகல. ஹோஸை மாத்திடலாமா?

அம்பத்தூரிலிருந்து

மாத்தாதீங்க தம்பி. புது ரிங்கில் நுண்ணிய துளைகள் நிறைய, அதில் இருக்கும் காற்று வெளியேற ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். ஃபில்டர் ஓடும்போதே மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துவிடுங்கள். சுவிட்சை அணைத்து, பத்து எண்ணிவிட்டுப் போடுங்கள், நாலைந்து முறை. நாளை மறுநாளும் வந்தால் இன்டேக் வளைவில் ஈரத்துணி சுற்றிப் பாருங்கள். கோவை அக்கா சொன்னது மாதிரி தண்ணீரை நேராகக் குழாயிலிருந்து விட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து

இல்லண்ணா, பிடிச்சு வச்ச தண்ணிதான். சாய்ச்சுவிட்டேன், ஒரு கைப்பிடி அளவுக் காற்று ஒரேயடியா வந்துச்சு. இன்னைக்குக் காலையிலிருந்து ரெண்டே தடவைதான் குபுக்.