புதுப்பிப்பு: "ஒன்று போதும்" என்று சொன்னவன் நான்தான்

போன வருஷம் எழுதியிருந்தேன்: டெக்சஸில் ஒரு ருகர் 10/22 துப்பாக்கி வாங்கியாச்சு, ஞாயிற்றுக்கிழமை குறிதாள் சுட இது ஒன்று போதும் என்று. இப்போது இரும்புப் பெட்டியில் மூன்று. சிரிக்காதீர்கள்.

தப்பு என் மேல் மட்டும் இல்லை. 1964இல் வந்த இந்தத் துப்பாக்கியில் குழலைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்னக் கட்டையும் இரண்டு திருகாணியும்தான். சமையலறை மேஜையிலேயே கழற்றிவிடலாம். கனமான குழல் ஒன்று மாற்றினேன். பழைய மரப்பிடிக்குள் அது உட்காரவில்லை, பிடியையும் மாற்றினேன். பிறகு சுடும் விசை (டிரிகர்). கழற்றியதெல்லாம் அட்டைப்பெட்டியில் சும்மா கிடந்தால் மனசு கேட்குமா? இங்கே சட்டப்படி வரிசை எண் பொறித்த ரிசீவர்தான் (குழலும் விசையும் வந்து சேரும் நடு உடல்) துப்பாக்கி, குழலும் பிடியும் வெறும் பாகங்கள். ரிசீவரை மட்டும் கடையில் படிவம் நிரப்பி வாங்கினேன், இரண்டாவது பிறந்துவிட்டது.

50 கஜத்தில் பழைய குழல் போட்ட ஐந்து ஓட்டைகளை மூட எலுமிச்சம்பழம் வேண்டும். புதியதற்கு, தோட்டா ஒத்துவந்தால், சுண்டைக்காய் போதும். (ஒத்துவரும் தோட்டாவைத் தேடியே பாதிக் காசு போனது.)

மூன்றாவது, இரண்டாகப் பிரித்துப் பைக்குள் வைக்கும் மாடல். அதை ஏன் வாங்கினேன் என்று மனைவிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.