கல்மண்டபத்தோட “பழைய நிலைமை”ன்னா எதுங்க?

அமராவதிக்கரை:
ஏனுங்க, எங்கூர்ல (தாராபுரம் பக்கம்) 16 தூணு கல்மண்டபம் ஒண்ணு இருக்குதுங்க. அப்பிச்சி காலத்துல அங்கதான் பள்ளிக்கூடம், அப்பறம் பொகையிலை மூட்டை அடுக்குனாங்க, நான் சின்னப்பையனா இருக்கறப்ப ரேசன் சீமெண்ணெ ஊத்துனதும் அங்கதான், ஒரு தூணுல கைய வெச்சா இன்னும் பிசுக்குன்னு கருப்பா ஒட்டும். இப்ப ஊர்க்கூட்டத்துல எல்லாத்தையும் சுரண்டி பழைய நிலைமைக்குக் கொண்டாரணும்ங்கறாங்க. எந்தப் பழையதுன்னு கேட்டா மொறைக்கறாங்க.

நொய்யல்காரன்:
நல்ல கேள்விங்க. பையன் லண்டன்ல வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போனான். 1097ல ரெண்டாம் வில்லியம் ராஜா கட்டுன அரமனை மண்டபம், 240 அடி நீளம், மேல இருக்கற மரக்கூரை மட்டும் 300 வருசம் கழிச்சு வேற ராஜா போட்டது. விருந்து வெச்ச எடத்துலயே கோர்ட்டும் நடந்துச்சு, நம்ம சந்தை மாதிரின்னு வெச்சுக்கங்க, ஒருபக்கம் ஜட்ஜுக தீர்ப்பு சொல்ல, செவுத்தோரமா பொஸ்தகக் கடை. 1649ல அவங்க ராஜாவையே விசாரிச்சு தலைய எடுக்கச் சொன்னது அங்கதான். நம்ம நாட்டுல ஆட்டம் போட்ட வெள்ளைக்கார கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல கேசு 1788ல ஆரம்பிச்சு ஏழு வருசம் இழுத்து, கடைசில குத்தமில்லைன்னு உட்டுட்டாங்க (அதுல மட்டும் நம்மூரு கோர்ட்டேதான்). 1882ல கோர்ட்டு வேற எடத்துக்குப் போயிருச்சு, 2022ல எலிசபெத் மகாராணி ஒடம்ப வெச்சதும் அதே ஹால்லதான். இதுல எதைப் “பழசு”ன்னு சுரண்டுவாங்க?

ஊர்சுத்தி:
அண்ணா, அது அரமனை, இது கோயில் மண்டபம், ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க. பேரூர் கோயில் கனகசபை மண்டபத்தப் பாருங்க, அழகாத்ரி நாயக்கர் நடராசருக்குன்னு கட்டுனாரு, இன்னிக்கும் நடராசர்தான் இருக்காரு. சீமெண்ணெ பீப்பா வெச்சதெல்லாம் வரலாறுன்னு தூக்கிப் புடிக்கணுமா?

நொய்யல்காரன்:
தூக்கிப் புடிக்க வேண்டாம் தம்பி. ஆனா மூட்டை அடுக்கவாச்சும் ஒருத்தனுக்குத் தேவைப்பட்டதாலதான் கூரைல மொளைச்ச ஆலங்கன்ன வெட்டி உட்டிருப்பான்.

கல்தச்சன்:
சண்டை அப்பறம் போடுங்க. சுத்தம் பண்றேன்னு மிசின்ல மணல் மட்டும் பீய்ச்ச உட்டுடாதீங்க, எழுத்து இருந்தா மழுங்கிப் போயிரும். பொழுது சாஞ்சதும் டார்ச்ச தூணு ஓரத்துல சாச்சு அடிச்சுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத கீறல் கூட நெழல்ல தெரியும். எழுத்து இருந்தா படியெடுத்துட்டு மத்த வேலையப் பாருங்க.

அமராவதிக்கரை:
நேத்து போனேனுங்க. தூணுல எழுத்து ஒண்ணும் காணோம். ஆனா தரையில, அந்த எண்ணெத்தூணுக்குப் பக்கத்துல, ஆடுபுலி ஆட்டக் கோடு வெட்டியிருக்குது, முக்கோணம் முழுசா இருக்குது, ஆடி ஆடிக் கோடெல்லாம் வழவழன்னு தேஞ்சு போயிருக்குதுங்க. வெள்ளிக்கெழமை அந்தத் தரைக்குத்தான் கிரைண்டிங் மிசின் வருதாம்.